சின்ன வயதில் விளையாடிய டிவி கேம்களை மறுபடி விளையாட எந்தக் கையடக்கக் கருவி வாங்கலாம்? வாங்கினால் அந்தப் பழைய அனுபவம் கிடைக்குமா?

90-களில் கேசட் போட்டு விளையாடிய கான்ட்ரா, மரியோ, டேங்க், சர்க்கஸ் எல்லாவற்றையும் கையில் வைத்து விளையாட ஒரு கருவி வாங்க நினைக்கிறேன், ஐந்தாறாயிரம் ரூபாய் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. ஆனால் எந்தக் கருவி என்பது இதில் சின்ன விஷயம். வாங்கியபின் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றாமல் விட்டால் நீங்கள் விளையாடப் போவது உங்கள் வீட்டுக் கான்ட்ராவே இல்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. என் அக்கா காதாலேயே கண்டுபிடித்தாள்.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். நான் கூடத்தில் உட்கார்ந்து சர்க்கஸ் ஆடிக்கொண்டிருக்கிறேன், சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையம் தாண்டுகிற முதல் ஸ்டேஜ். அடுப்படியிலிருந்து குரல் வருகிறது: "டேய், அந்தப் பாட்டு ஏன்டா இப்படி ஓடுது? சுருதி சரியாத்தான் இருக்கு. காலப்பிரமாணம் தப்பு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட விளையாட்டுப் பாட்டின் வேகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் எனக்கும் ஒரு மாதமாக ஒரு சந்தேகம் இருந்தது. கான்ட்ராவில் சின்ன வயதில் சுலபமாகத் தாண்டிய குண்டுகளில் இப்போது வரிசையாக மாட்டிச் செத்துக்கொண்டிருந்தேன். வயசாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது என்று நானே முடிவு செய்திருந்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அக்கா சொன்னது அட்சரசுத்தம்.

நாம் "டிவி கேம்" என்று வாங்கியது ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 தடவை படம் வரையும். நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 தடவை. அந்தக் கால கேம்களுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. திரையில் ஒரு படம் வரைந்து முடித்தால் மரியோவை ஒரு அடி நகர்த்து, குண்டை ஒரு அடி நகர்த்து, பாட்டில் ஒரு இம்மி முன்னால் போ, அவ்வளவுதான் கணக்கு. 60 என்று நினைத்து எழுதிய கேமை 50-ல் ஓட விட்டால், பத்து விநாடியில் முடிய வேண்டியது பன்னிரண்டு விநாடி எடுக்கும். ஆறில் ஒரு பங்கு வேகம் போச்சு.

அப்படியானால் சுருதியும் இறங்கியிருக்க வேண்டாமா? அதுதான் வேடிக்கை. ஸ்வரத்தின் உயரத்தைப் படக்கணக்கு தீர்மானிப்பதில்லை, சிப்பின் வேகம் தீர்மானிக்கிறது. அசல் ஃபேமிகாமின் சிப் 1.79 மெகாஹெர்ட்ஸ். பால் டிவிக்கென்று செய்த நகல் பெட்டிகளில் இருந்தது 1.77. நூற்றுக்கு ஒன்று வித்தியாசம், எந்தக் காதுக்கும் பிடிபடாது. ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற பெட்டியில் சிப் 1.66, அங்கே சுருதியும் சேர்ந்து இறங்கியது. நமக்கு வாய்த்ததோ சுருதி சுத்தமாக, விளம்பம் கூடிய ஒரு தனி பாடாந்தரம்!

1992-ல் ரஷ்யாவில் "டெண்டி" என்ற பெயரில் இதே வகை நகல் பெட்டி வந்து நாடு முழுக்கப் பரவியது. அதனால் எமுலேட்டர் (பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் நிரல்) எழுதுபவர்கள் இந்த வேகத்துக்கே டெண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் கருவியில் பல எமுலேட்டர்களை ஒன்றாகக் கட்டி வைத்த ரெட்ரோஆர்ச் என்ற நிரல் இருக்கும் (பெரும்பாலான சீனக் கருவிகளில் இருக்கிறது). அதற்குள் இருக்கும் ஒவ்வொரு எமுலேட்டருக்கும் கோர் என்று பெயர். கேம் ஓடும்போது மெனுவைத் திறந்து "கோர் ஆப்ஷன்ஸ்" போங்கள். எஃப்சியூஎம்எம் என்ற கோர் என்றால் "ரீஜன்" என்று இருக்கும், ஆட்டோவை டெண்டியாக மாற்றுங்கள். நெஸ்டோபியா கோரிலும் இது உண்டு. மாற்றியபின் கேமை ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

50 வேண்டும் என்பதற்காக ஐரோப்பியப் பதிப்பைத் தேடிப் போய்விடாதீர்கள். அங்கே கான்ட்ராவின் பெயரே ப்ரோபோடெக்டர், சட்டை போடாத அந்த இரண்டு பேருக்குப் பதில் இரண்டு ரோபோ ஓடும். நான் போட்டுப் பார்த்தேன், யாரோ வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது போல இருந்தது. ஜப்பான் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும்கூட வித்தியாசம் உண்டு. முதல் ஸ்டேஜில் பின்னால் நிற்கும் மரங்களின் ஓலை ஆடினால் ஜப்பான், அசையாமல் நின்றால் அமெரிக்கா. உங்கள் நினைவில் மரம் ஆடுகிறதா என்று கண்ணை மூடிப் பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கையடக்கக் கருவிகளின் திரை 60-ல் ஓடுவது. அதில் 50 படங்களைக் காட்டினால் ஐந்துக்கு ஒன்று இரண்டு முறை வரும், பக்கவாட்டில் ஓடும்போது லேசாகத் திக்கும். எனக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு உறுத்தினால் 60-லேயே விளையாடுங்கள், கொஞ்சம் கூடுதலாகச் சாவீர்கள்.

சரி, கருவி. நீங்கள் சொன்ன பட்டியல் அத்தனையும் 8 பிட் காலத்தது. சூப்பர் மரியோ மொத்தமும் 40 கேபி, காலையில் வாட்ஸாப்பில் வரும் குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது. இதற்குச் சக்தி வாய்ந்த சிப் தேவையே இல்லை. மியூ மினி பிளஸ், அன்பர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வரிசை, இந்த ரகத்தில் எதுவானாலும் பிளேஸ்டேஷன் 1 வரை நன்றாக ஓடும். பிஎஸ்பி, அதற்கு மேலே எல்லாம் வேண்டும் என்றால்தான் ரெட்ராய்டு மாதிரி பெரிய விலைக்குப் போக வேண்டும்.

சிப்பை விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள். நம் பழைய டிவியின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. 640-க்கு 480 புள்ளித் திரை உள்ள கருவியும் அதே நாலுக்கு மூன்று. ஃபேமிகாமின் படம் 240 வரி, இரண்டு மடங்காக்கினால் 480, உயரம் கச்சிதமாக உட்காரும். கேம்பாய் 160-க்கு 144, மூன்று மடங்கு பெருக்கினால் 480-க்கு 432, அதுவும் பழுதில்லை. கேம்பாய் அட்வான்ஸ்தான் தகராறு. 240-க்கு 160 படத்தைத் திரை அகலத்துக்கு இழுத்தால் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே என்று ஒரு அரைகுறைப் பெருக்கம் வரும், சில புள்ளி தடியாக, சில புள்ளி ஒல்லியாகத் தெரியும். அகலத் திரைக் கருவி வாங்கிப் படத்தை முழுத்திரைக்கு இழுத்துவிட்டால் மரியோ ஒரே நாளில் பத்துக் கிலோ ஏறியிருப்பார். கல்யாண வீட்டு டிவியில் பழைய படம் பார்த்தது போல.

பணம் போடுவதற்கு முன் கையில் இருக்கும் போனில் ரெட்ரோஆர்ச் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ரொம்ப நாளாக உண்டு. ஐபோனில் ஆப்பிள் 2024 ஏப்ரலில்தான் எமுலேட்டர்களை அனுமதித்தது. கண்ணாடித் திரையில் பொத்தான் வரைந்திருப்பதால் கட்டைவிரல் வழுக்கும், குதிக்க வேண்டிய இடத்தில் குழிக்குள் விழுவீர்கள். அந்த எரிச்சலோடும் ஒரு வாரம் விளையாடினால் உங்களுக்கு நிஜமாகவே ஆசை இருக்கிறது, வாங்குங்கள். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் காசு மிச்சம்.

வாங்கியதும் முதல் வேலை எஸ்டி கார்டை மாற்றுவது. என்னுடையதில் பெயர்கூட அச்சடிக்காத ஒரு கார்டு வந்தது, மூன்றே மாதத்தில் மூச்சு நின்றது. அதில் என் மகள் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த ஆட்டம் இருந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அப்பா, அந்தக் கார்டை டாக்டர்கிட்ட காமிக்க முடியாதா?" என்று மூன்றாம் நாள் கேட்டாள். அதிலிருந்து மாதம் ஒருமுறை சேவ் ஃபோல்டரை லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்கிறேன். ஒரு நுணுக்கம்: சேவ் இரண்டு விதம். கேமுக்குள்ளேயே சேமிப்பது எஸ்ஆர்எம் என்ற சின்ன ஃபைலாக இருக்கும், அதை வேறு கருவிக்கும் வேறு எமுலேட்டருக்கும் கொண்டுபோகலாம். "சேவ் ஸ்டேட்" அப்படி இல்லை, எமுலேட்டர் பதிப்பு மாறினால்கூடத் திறக்காமல் போகலாம். நீண்ட ஆட்டங்களுக்கு இரண்டிலும் சேமியுங்கள்.

சேவ் ஸ்டேட்டைப் பற்றி எனக்கு ஒரு வீம்பு உண்டு. ஒவ்வொரு குண்டுக்கு முன்னாலும் சேமித்து, செத்தால் திரும்ப வந்து, இப்படி விளையாடினால் கான்ட்ராவை அரை மணியில் முடித்துவிடலாம். முடித்தபின் ஒன்றும் இருக்காது. மூன்று உயிர்தான் என்ற பயம்தானே அந்த விளையாட்டு? போன் வந்தால், குக்கர் விசில் அடித்தால் மட்டும் சேமிப்பேன். சின்ன வயதில் ஏழாவது ஸ்டேஜில் கரண்ட் போனபோது நானும் அக்காவும் இருட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது, அதற்கு மட்டும் ஒரு சேவ் ஸ்டேட் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, பொத்தான் அழுத்திக் கொஞ்சம் தாமதித்துக் குதிப்பது போலத் தோன்றினால் ரெட்ரோஆர்ச்சில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் "ரன் அஹெட்" என்று ஒரு வசதி இருக்கிறது, 2018-ல் வந்தது. ஒரு ஃப்ரேம் (திரையில் வரையும் ஒரு படம்) என்று வைத்தால் போதும். அதற்கு மேலே ஏற்றினால் படம் குதிக்க ஆரம்பிக்கும்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் குற்றம் இல்லை. அமெரிக்காவில் சோனி, கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2000-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிக்கல் ரோமில்தான் (ROM, கேசட்டில் இருக்கும் கேமின் நகல் ஃபைல்). நம் 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறைப்படி வாங்கி வைத்திருப்பவர் கணினி நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இணையத்தில் கிடைப்பதை இறக்கிக்கொள்வது அதில் அடங்காது. ஐயாயிரம் கேம் ஏற்றிய கார்டோடு கருவி விற்பதும் அப்படித்தான். நம் வீட்டு "9999 இன் 1" கேசட்டும் அசல் இல்லை என்பது வேறு விஷயம், அதில் ஒரே டேங்க் நூறு பெயரில் இருந்தது. நேர்வழி வேண்டும் என்றால் கோனாமி 2019-ல் கான்ட்ரா தொகுப்பை ஸ்டீமிலேயே வெளியிட்டிருக்கிறது. இப்போதும் கேம்பாய்க்குப் புதிதாக எழுதி இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள், டோபு டோபு கேர்ள் என்ற ஒன்றை மகளுக்குப் போட்டுக் கொடுங்கள், கருவி உங்கள் கைக்குத் திரும்பி வராது.

கிடைக்காதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து விளையாடுவது. இந்தச் சின்னத் திரையில் இரண்டு பேர் தலையை முட்டிக்கொள்ள முடியாது. மினி எச்டிஎம்ஐ உள்ள கருவியாக வாங்கினால் டிவியில் இணைத்து, தனி கன்ட்ரோலர் சேர்த்து இரண்டு பேர் ஆடலாம். அக்காவோடு அப்படித்தான் டெண்டி வேகத்தில் கான்ட்ரா ஆடினேன். "இப்பதான்டா நம்ம பாட்டு" என்றாள். வழக்கம்போல் மேலே முந்தி ஏறி என்னைக் கீழே திரையோடு சேர்த்துக் கொன்றாள்.

இரண்டாவது, வாத்து சுடுகிற டக் ஹன்ட். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, முனையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். விசையை இழுத்ததும் திரை ஒரே ஒரு ஃப்ரேம் முழுக்கக் கறுத்து, அடுத்த ஃப்ரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். பழைய குழாய் டிவி அதே கணத்தில் படம் வரைந்ததால் இது நடந்தது. இப்போதைய திரைகள் படத்தை வாங்கி யோசித்துக் காட்டுவதற்குள் துப்பாக்கியின் நேரம் போய்விடும், போதாததற்கு அந்தக் கண்ணும் குழாய் டிவியின் மினுக்கலுக்கென்றே அமைத்தது. எமுலேட்டரில் ஒரு கூட்டல் குறியை நகர்த்திச் சுடலாம், அது சுடுவது மாதிரியே இருக்காது. எங்கள் துப்பாக்கி இன்னும் பரணில் இருக்கிறது. டிவியைத்தான் எடைக்குப் போட்டுவிட்டோம்.