கேக்கிலிருந்து குதித்த பெண்

அன்புள்ள அம்மா,

ப்ளஸ் டூ முடித்த மகள் காலேஜே வேண்டாம், நடனம்தான் என்கிறாள். 'சிங்கின் இன் த ரெய்ன்' படத்தைப் பத்துத் தடவை பார்த்துவிட்டாள். எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். பதினோராவது தடவை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

1952-ல் வந்த ஹாலிவுட் படம். விருந்தொன்றில் கேக்குக்குள்ளிருந்து குதித்து ஆடும் கேத்தி, பிறகு பெரிய நடிகைக்குப் பின்னணியில் குரல் கொடுக்கிறாள். கடைசியில் திரையைத் தூக்கிவிட, பாடுவது அவள்தான் என்று அரங்கத்துக்கே தெரிந்துபோகிறது. உங்கள் மகள் மனதில் நிற்பது அந்த ஒரு நிமிடமாகத்தான் இருக்கும்.

கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், நடனம் படித்ததில்லை. 'குட் மார்னிங்' பாட்டைக் காலை 8 மணியிலிருந்து இரவு 11 வரை எடுத்தார்களாம். பாதத்தில் ரத்தம் கட்டிவிட்டது. இந்தக் கதையை மகளிடம் பயமுறுத்துவதற்காகச் சொல்லாதீர்கள். இந்த வயதில் அது ஆசையைத்தான் கூட்டும்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது ஜீன் கெல்லியின் கதை. மழையில் குடையோடு ஆடுகிறாரே, அவர். 1929 பங்குச்சந்தைச் சரிவில் அப்பாவுக்கு வேலை போனதும் படிப்பை விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போனார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1933-ல் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். சட்டமும் படிக்கப் போய் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டார். அத்தனை வருடமும் சோறு போட்டது குடும்பம் நடத்திய நடனப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் படம் வெளிவந்தது 1942-ல், 30 வயதில். பட்டமும் நடனமும் அவருக்குச் சக்களத்திகளாக இருக்கவில்லை. ஆகவே மகள் ஒரு டிகிரியில் சேரட்டும். மாலை வகுப்புக்கான கட்டணத்தை முகம் சுளிக்காமல் நீங்கள் கட்டுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கைச்செலவுக்காவது அவளே சம்பாதிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆசை எவ்வளவு ஆழம் என்பது அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கேத்தி இன்னொருத்திக்காகப் பாடுவதாக வரும் 'வுட் யூ' பாட்டு டெபியின் குரலே அல்ல. பாடியவர் பெட்டி நோய்ஸ். பின்னணிக் குரலுக்கு நியாயம் கேட்கும் படம், அதன் பெயர்ப் பட்டியலில் அவரைப் போடவில்லை! எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். என்ன சம்பளம், யார் பெயர் வரும், எல்லாம் எழுத்தில் வேண்டும். "பெயரே வராவிட்டாலும் இந்த வேலையைச் செய்வாயா?" என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். அரை மணி நேரம் நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும்.