‘பிளேடைம்’ போட்டதும் ஏன் எழுந்து போனார்கள்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொது அறையில் ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் படம் போடுகிறோம். பிரெஞ்சு நகைச்சுவையின் உச்சம் என்று படித்துவிட்டு, சென்ற வாரம் ‘பிளேடைம்’ போட்டோம். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிரெஞ்சு நகைச்சுவை நமக்கு ஒத்துவராதா? அமெரிக்க, பிரிட்டிஷ் படங்களும் போட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: படத்தின் மீதும் பழியில்லை, எழுந்து போனவர்கள் மீதும் பழியில்லை. ஜாக் தத்தி அதை 70 மி.மீ. அகலத்திரைக்காக எடுத்து 1967இல் வெளியிட்டார். பாரிஸின் ஓரத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு நகரத்தையே கட்டிக் கடனில் மூழ்கினார். முகத்தை நெருங்கிக் காட்டும் வழக்கம் அதில் இல்லை. உணவகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிவிடுகிறது. வாயில்காப்பவர் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்தபடி, இல்லாத கதவை வருகிறவர்களுக்குத் திறந்து மூடுகிறார். அதே நேரம் திரையின் வேறு மூலையில் வேறொன்று நடக்கும். தொலைக்காட்சியில் இவையெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். புரொஜெக்டர் கிடைக்கும்வரை தத்தியை ஒத்திப்போடுங்கள்.

முதல் வாரம் பில்லி வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ (1959). கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு இசைக்கலைஞர்கள் பெண் வேடமிட்டுத் தப்பி ஓடுகிறார்கள். பெண் வேடம் நமக்குப் பழகியதுதான். அமெரிக்கப் பாணியின் பலமே ஓட்டம்: நாயகனுக்கு ஒரு தேவை, அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னும் பெரிய பொய்.

அடுத்து ‘தி லேடிகில்லர்ஸ்’. 2004இல் வந்த அமெரிக்க மறுஆக்கம் அல்ல, 1955 படம். இசைக்குழு என்று சொல்லி ஒரு பாட்டியின் வீட்டில் கூடும் கொள்ளையர்கள், தேநீருக்கு வந்த பாட்டியின் தோழிகளிடம் மரியாதை தவறாமல் சிக்கித் தவிக்கிறார்கள். யாரும் சிரிக்கவைப்பதற்காக நடிப்பதில்லை. நாகரிகத்தை விடமுடியாத அவஸ்தைதான் பிரிட்டிஷ் வேடிக்கை. இத்தனை பிரிட்டிஷ்தனமான கதையை எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர். இயக்கிய மெக்கென்ட்ரிக் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். பாணி என்பது பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை.

மூன்றாவது வாரம் பிரான்சுக்குத் திரும்பலாம், வேறு வாசல் வழியாக. பிரான்சிஸ் வெபெர் தன் நாடகத்தையே படமாக்கிய ‘லெ தினே தெ கோன்’ (‘முட்டாள்களின் விருந்து’, 1998). பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள், ஒரு தொலைபேசியைச் சுற்றி நடக்கிறது. ஆளுக்கொரு முட்டாளை அழைத்துவந்து கேலி செய்யும் விருந்துக்கு, தீக்குச்சிகளால் ஈஃபிள் கோபுரம் கட்டும் ஒரு வரித்துறை ஊழியரைப் பிடிக்கிறார் ஒரு பதிப்பாளர். பதிப்பாளருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, விருந்துக்கே போக முடியவில்லை. வீட்டுக்கு வந்த அப்பாவி, உதவுகிறேன் பேர்வழி என்று அவர் வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்குகிறார். 2010இல் ஹாலிவுட் இதைத் திரும்ப எடுத்தபோது அந்த விருந்தையே உச்சக்காட்சியாக்கியது. சொல்லிவிட்டதைக் காட்டியே தீரவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. காட்டாத விருந்தை வைத்தே சிரிக்கவைத்துக் கொல்வது பிரெஞ்சுக் குறும்பு. எனக்குப் பிந்தையதுதான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: இது முழுக்கப் பேச்சுப் படம். ‘ஜுஸ்த்’ என்ற பெயருக்குப் பிரெஞ்சில் ‘மட்டும்’ என்றும் பொருள் உண்டு, ‘ஜுஸ்த் லெப்லான்’ என்று ஒருவரின் பெயரைச் சொன்னதும், ‘லெப்லான் மட்டும்தான்’ என்று எடுத்துக்கொண்டு, “முன்பெயரே இல்லையா?” என்கிறார் அப்பாவி. துணைத்தலைப்பு இந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள். கள்ளக்காதல் பேச்சும் வருகிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு போடுவது நல்லது.