கோபக்கார வாண்டும் கோடைக் கேம்ப்பும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் இரவு தங்கும் கேம்ப்புக்குப் பிள்ளையை முதல்முறையாக அனுப்பப்போகும் பெற்றோர் கேட்டவை.

பையனுக்கு 8 வயது, ஏடிஹெச்டி (கவனக் குறைவு, அளவு மீறிய துறுதுறுப்பு). கோபம் வந்தால் கை நீட்டிவிடுவான். ஃபாரத்தில் எழுதினால் இடமே தரமாட்டார்கள் என்கிறார் வீட்டுக்காரர். சொல்லாமல் விடலாமா?

விடாதீர்கள். நீங்கள் மறைத்ததை இரண்டாம் நாள் சாயங்காலமே அவன் காட்டிக்கொடுத்துவிடுவான். நோயின் பெயரை மட்டும் பார்த்துத் தனியார் கேம்ப் கதவைச் சாத்த முடியாது. 1990-ஆம் வருட ஏடிஏ (மாற்றுத்திறனாளிகள் உரிமை) சட்டப்படி, நியாயமான மாற்றங்களை அவர்கள் செய்துகொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் சட்டம் கைகொடுக்காது: மத அமைப்புகளே நடத்தும் கேம்ப்புக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, மாற்றம் செய்தும் மற்ற பிள்ளைகளுக்கு நிஜமான ஆபத்து என்றால் மறுக்கலாம்.

எப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பள்ளியின் ஐஈபி (உங்கள் பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் சிறப்புக் கல்வித் திட்டம்) தனியார் கேம்ப்பைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கத்தையைக் கொடுத்தாலும் பிள்ளைகளைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பத்தொன்பது வயசு கவுன்சிலர் படிக்கப்போவதில்லை. ஒரே பக்கம் போதும். “கோபம் வரும்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் வெடிப்பான். அப்போது கேள்வி கேட்காதீர்கள், தோளைத் தொடாதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் கேபின் படியில் உட்காரவையுங்கள். ஸாரி சொல்லச் சொல்வது அரை மணி கழித்து.”

கேம்ப்பில் என்ன விசாரிப்பது?

படகு, வில்வித்தை பற்றியெல்லாம் அவர்களே சொல்வார்கள். நீங்கள் இடைப்பட்ட நேரங்களைக் கேளுங்கள்: மதிய ஓய்வு, குளியல் வரிசை, விளக்கணைத்த பிறகு. சண்டை மூள்வது பெரும்பாலும் அங்கேதான். கேபினில் கூடப் படுப்பது யார்? அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் தரப்படி, இரவு தங்கும் கேம்ப்பில் 6–8 வயதுக்கு ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஊழியர், 9–14க்கு எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். எதைச் செய்தால் வீட்டுக்கு அனுப்புவீர்கள், பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

லீவுதானே, ஏடிஹெச்டி மாத்திரைக்கும் லீவு விடலாமா?

கேம்ப்பில் வேண்டவே வேண்டாம். புது இடம், புது முகங்கள், அதோடு மருந்தும் இல்லை என்றால் குழந்தை என்னதான் செய்யும்? கிளம்புவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மருந்தையோ அளவையோ மாற்றாதீர்கள். குவான்ஃபசின் என்ற ஏடிஹெச்டி மருந்து சாப்பிடும் பிள்ளைக்குத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மருந்துக்கு ரீஃபில் (பழைய சீட்டிலேயே மறுபடி வாங்குவது) கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு; இன்ஷூரன்ஸும் சீக்கிரம் வாங்க விடாது. மூன்று வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லேபிள் ஒட்டிய பார்மஸி பாட்டிலோடு நர்ஸிடம் கொடுங்கள். கிழமைவாரி டப்பாவை வாங்கமாட்டார்கள். இந்த மருந்து பசியை அடக்கிவிடும், அதனால் முதலில் டிஃபன், பிறகு மாத்திரை. காலையில் போட்டது சாயங்காலம் இறங்கிவிடும், குளியல் வரிசையும் அதே நேரம்தான். மதியம் சின்ன டோஸ் தேவையா என்று டாக்டரைக் கேட்டு, வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். தூக்கம் கெடுகிறதா என்பது அப்போது தெரியும்.

7 வயதுப் பெண், படுக்கை நனைப்பாள். மானம் போய்விடும் என்று பயப்படுகிறாள்.

கவுன்சிலருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஸ்லீப்பிங் பேக் அடியில் புல்-அப்பும் (ஜட்டி மாதிரி போடும் டயப்பர்) ஜிப் பையும் வைத்துவிடுங்கள்; உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், கழற்றலாம். கவுன்சிலர் தான் படுக்கும் முன் அவளை எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போகட்டும். ராத்திரி சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் மாத்திரை என்றால் வீட்டில் பழகிய பிறகே. அதைப் போடுவதற்கு ஒரு மணி முன்பிலிருந்து எட்டு மணி பின்பு வரை தண்ணீர் மிகக் குறைவாகத்தான் குடிக்கலாம். மீறினால் உடம்பில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம். கேம்ப்ஃபயரில் ஊற்றும் லெமனேடை நர்ஸுக்கு நினைவுபடுத்துங்கள்.

“பிடிக்கலைன்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி அனுப்பலாமா?

கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2007 அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. “உன்னால் முடியாது என்று எங்களுக்கே தெரியும்” என்றுதான் அது பிள்ளை காதில் விழும். சித்தி வீட்டில் இரண்டு ராத்திரி, போன் பேசாமல் இருக்கப் பழக்குங்கள். அழுது எழுதிய முதல் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவன் அதை மறந்திருப்பான்.

டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (பிள்ளை பராமரிப்புக்கு வரி பிடிக்காமல் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கு) பணத்தில் கேம்ப் கட்டணம் கட்டலாமா?

இரவு தங்கினால் முடியாது. 13 வயதுக்குள் என்றால் பகல் கேம்ப்புக்கு, நீங்கள் வேலைக்குப் போவதால் தேவைப்படும் பட்சத்தில், முடியும்.

சொல்லாமல் ஓடிவிடுவான், தண்ணீர் என்றால் உயிர்.

ஏரிக்கரைக் கேம்ப் இந்த வருடம் வேண்டாம். ஜோடி சேர்த்து எண்ணும் முறை நீச்சல் நேரத்துக்கு மட்டும்தான். விடிகாலை ஐந்து மணிக்கு எண்ண ஆள் இல்லை. பகல் கேம்ப், அல்லது ஒருவருக்கு ஒருவர் என்று ஆள் போடும் சிறப்புக் கேம்ப் பாருங்கள்.

நாலாம் நாள் கேம்ப்பிலிருந்து கூப்பிட்டு “வந்து கூட்டிப்போங்கள்” என்றால்?

எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், சண்டைக்கு முன் என்ன நடந்தது என்பது உட்பட. அன்று மாத்திரை கொடுத்தார்களா என்று நர்ஸின் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபின் மாற்றி ஒரு நாள் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை. முடியாது என்றால் போய்க் கூட்டிவாருங்கள். காரில் விசாரணை வேண்டாம். கிளம்பும் முன் மிச்ச மாத்திரையை நர்ஸோடு சேர்ந்து எண்ணி வாங்குங்கள்; அங்கேயே விட்டுவந்தால் மாதம் முடியும் வரை புதிதாக வாங்குவது பெரும்பாடு.