மல்கியா 1:11: ‘இருக்கும்’ என்பதா, ‘இருக்கிறது’ என்பதா?

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மல்கியாவின் புத்தகத்திலிருந்து 1:11-ஐ விளக்க வேண்டும். எங்கள் வேதாகமத்தில் “என் நாமம் ஜாதிகளுக்குள்ளே மகத்துவமாயிருக்கும்” என்று உள்ளது. வேறொரு மொழிபெயர்ப்பில் இப்போதே நடப்பதுபோல் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுக்குமே இடம் உண்டு. (இங்கே ‘ஜாதிகள்’ என்றால் இஸ்ரவேலர் அல்லாத மற்ற ஜனங்கள்.) எபிரெயத்தில் அந்த இடத்தில் வினைச்சொல்லே கிடையாது. ‘காதோல் ஷெமி’, அவ்வளவுதான். ‘பெரிது என் நாமம்’. ‘அவர் மனசு பெரிது’ என்று நாம் வினை இல்லாமல் சொல்கிறோமே, அதே அமைப்பு. ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு காலத்தைப் போட்டே ஆக வேண்டும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூட்டத்தில் ஒருமுறை ‘பெரிது என் நாமம்’ என்றே சொல்லிப் பாருங்கள், வசனத்தின் வேகம் புரியும்.

எனக்கு நிகழ்காலமே பொருத்தமாகப் படுகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், இதே வசனத்தில் அடுத்து வரும் தூபம் ‘செலுத்தப்படுகிறது’ என்றே சொல்கிறது. அதைவிட முக்கியம், மல்கியா பேசும் இடம். கி.மு. 515-இல் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். ஆட்சி பாரசீகருடையது. ஆசாரியர்களுக்கோ சலிப்பு தட்டிவிட்டது. கண் தெரியாத ஆடு, நொண்டி ஆடு, நோய் பிடித்த ஆடு எல்லாம் பலிபீடத்துக்கு வருகின்றன. ‘இதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடு, வாங்கிக்கொள்வானா பார்’ என்கிறார் கடவுள் (வசனம் 8). யாராவது ஆலயக் கதவைப் பூட்டினால் தேவலை என்கிற அளவுக்குப் போகிறது 10-ஆம் வசனம். அந்தச் சூட்டோடுதான் 11 வருகிறது: கர்த்தரை அறியாதவர்கள் என்று நீங்கள் நினைப்பவர்களிடம்கூட என் நாமம் பெரிது!

இதே வசனத்தில் வரும் ‘சுத்தமான காணிக்கை’ என்பதற்கு எபிரெயத்தில் ‘மின்ஹா தெஹோரா’. மின்ஹா என்றால் பொதுவாகக் காணிக்கை. லேவியராகமம் 2-இல் மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி சேர்ந்த படையல். 7-ஆம் வசனத்தில் வரும் தீட்டான அப்பத்துக்கு இது நேர் எதிர்.

நற்கருணையைப் பற்றித்தானே இது என்று யாராவது கேட்கலாம். ஆதிச் சபையின் ‘திதாகே’ என்ற நூல், அப்பம் பிட்கும் கூடுகையைப் பற்றிச் சொல்லும்போது இந்த வசனத்தைத்தான் எடுத்தாள்கிறது. அது பின்னால் வந்த வாசிப்பு, நல்ல வாசிப்பும்கூட. ஆனால் முதலில் மல்கியாவின் காதில் விழுந்ததைச் சொல்லுங்கள்.

சரி, வாசிக்கும்போது 11-ஐ மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். 6 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, ஆசாரியர்களைப் பார்த்துச் சொல்லும் 12-ஆம் வசனத்தின் ‘நீங்களோ’ என்ற சொல்லுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் நில்லுங்கள்.