பழைய பாய்மரப் படகின் பேசின்: கேட்டவர்களுக்குப் பதில்

பழைய படகு வைத்திருப்பவர்கள் குளியலறை பேசினைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலும் பேசின் அழகைப் பற்றித்தான். அதன் அடியில், பேசின் தண்ணீர் கடலுக்குப் போகும் துளையை மூடித் திறக்கும் வால்வைப் பற்றி ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

பொங்கோல் நண்பர்: அண்ணே, 80களில் கட்டிய 32 அடி படகு வாங்கியிருக்கிறேன். பேசின் மஞ்சளாகி, கீழ்த்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல். பெயின்ட் அடித்தால் போதுமா?

முதலில் அது என்ன பொருள் என்று பாருங்கள், தம்பி. அந்தக் காலத்துப் படகுகளில் மேடையையும் பேசினையும் ஒரே வார்ப்பாக ஃபைபர் கிளாஸில் செய்து ஜெல்கோட் (பளபளப்பான மேல்பூச்சு) பூசியிருப்பார்கள். இல்லாவிட்டால் தனி பிளாஸ்டிக் பேசினையோ எவர்சில்வர் பேசினையோ மேடையில் துளை போட்டு இறக்கியிருப்பார்கள். அலமாரிக்குள் கையை விட்டு அடிப்பக்கத்தைத் தடவுங்கள். சொரசொரவென்று நார் தட்டினால் ஃபைபர் கிளாஸ். உள்ளும் புறமும் வழவழப்பாக இருந்தால் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் என்றால் மாற்றிவிடுங்கள். துளையைச் சுற்றி வரும் விரிசல் மேல்பூச்சு விவகாரம் இல்லை. நட்டை இறுக்கிய அழுத்தம் தாங்காமல் பொருளே விட்டுப்போகிறது. பெயின்ட் அடித்தால் சில மாதம் பளபளக்கும், அப்புறம் உரியும். ஃபைபர் கிளாஸ் வார்ப்பு என்றால் மாற்றும் பேச்சே வேண்டாம். மேடையையே அறுக்க வேண்டிவரும். அதைப் புதுப்பிப்பதுதான் வழி.

செங்காங் வாசகர்: என்னுடையது அந்த ஒரே வார்ப்பு வகைதான். எப்படிப் புதுப்பிப்பது?

வெறும் மங்கல் என்றால் 800, 1200, 2000 என்று நீர் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டால் முகம் தெரியும். பழைய ஜெல்கோட் மெலிதாகத்தான் இருக்கும். நிறம் மாறி அடிப்பகுதி நிழலாடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விரிசல் இருந்தால் அதன் மேல் பூசி மறைப்பதில் பயனில்லை. கூரான கருவியால் விரிசலை V வடிவத்தில் திறந்து, அசிட்டோனால் துடைத்து, பிறகு நிரப்ப வேண்டும். (பிளாஸ்டிக் பேசின் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், கரைத்துவிடும்.) சாதாரண ஜெல்கோட் காற்று படும் பக்கத்தில் முழுதாக இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். மெழுகு கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பூசியதும் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றை அடையுங்கள். இன்னொன்று, விரிசலை எபாக்சியால் (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பிவிட்டு அதன் மேல் ஜெல்கோட் பூசினால் பிடிப்பை நம்ப முடியாது. எபாக்சி போட்டவர்கள் மேலே இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்டுக்குப் போவது நல்லது.

நம் ஊர் ஈரத்தில் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் படலத்தைப் பரப்பிவிடுவீர்கள், அடுத்த பூச்சு ஒட்டாது. 32 டிகிரி வெயிலில் கலவை கப்பிலேயே சூடாகி இறுகிப்போவதும் உண்டு. மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள்.

ஈசூன் வாசகர்: பேசினைக் கழற்றி வந்து வீவக வீட்டு காரிடாரில் தேய்க்கலாமா?

வேண்டாம். ஃபைபர் கிளாஸ் தூசு பக்கத்து வீட்டுத் துணியில் போய் உட்காரும். இரண்டு பாகப் பெயின்டின் ஹார்டனரில் மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரணத் தூசு முகக்கவசம் அதைத் தடுக்காது. மரினா அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் செய்யுங்கள்.

தெம்பனிஸ் சகோதரி: அண்ணே, படகுக் கடையில் பேசின் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. முஸ்தபாவில் எவர்சில்வர் கிண்ணம் வாங்கி ஓட்டை போட்டு வைத்தால் என்ன?

தாராளமாக வைக்கலாம், தங்கச்சி. உலகமெங்கும் படகுக்காரர்கள் செய்வதுதான். விளிம்பு வெளிப்பக்கம் தட்டையாக மடிந்த கிண்ணமாகப் பாருங்கள், அப்போதுதான் மேடையில் உட்காரும். 304 என்று முத்திரை இருந்தால் நல்லது. முத்திரை இல்லாத மலிவுப் பாத்திரங்களில் பல 200 வரிசை எஃகு. உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, பெரும்பாலும் இரண்டிலும் ஒட்டாது.

ஓட்டையை வட்ட ரம்பத்தால், மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டுப் போடுங்கள். தகடு மெலிதாக இருந்தால் அடியில் ஒரு வளையம் வைத்துத்தான் வடிகால் நட்டை இறுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் மேடைத்துளையையும், உள்ளே படகின் சுவர் வளைந்து வரும் இடத்தில் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். துளை சிறிதாக இருந்தால் அறுத்துப் பெரிதாக்கலாம், பெரிதாக இருந்தால்தான் தொல்லை. ஜாலான் புசார் கடைகளில் கிடைக்கும் பீங்கான் பேசின் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கனம் அதிகம், அலையில் ஏதாவது போய் இடித்தால் உடையும். நான் வைக்க மாட்டேன்.

துவாஸ் நண்பர்: பழைய பேசின் அசையவே மாட்டேன் என்கிறது. புதியதை எதை வைத்து ஒட்டுவது?

நெம்பாதீர்கள், மேடையின் ப்ளைவுட் பிளந்துவிடும். மெல்லிய பிளேடால் சுற்றிலும் கீறி, தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம்போல் இழுங்கள். வெளியே வந்ததும் ப்ளைவுட்டின் அறுத்த விளிம்பைப் பாருங்கள். ஊறிக் கறுத்திருந்தால் காயவிட்டு, எபாக்சி ஊட்டி மூடுங்கள்.

ஒட்ட, பிளாஸ்டிக்குக்கு நியூட்ரல் வகை சிலிக்கோன் போதும். பாலிசல்ஃபைடு சீலண்ட் ஏபிஎஸ், அக்ரிலிக் போன்றவற்றை அரித்துவிடும். 3M 5200 மாதிரி நிரந்தரப் பசை வேண்டவே வேண்டாம். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார். அது நீங்களாகவும் இருக்கலாம்.

பிடோக் பெரியவர்: பேசினின் அடியில் பச்சை பூத்த வால்வு இருக்கிறது. திருப்பினால் அசையவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

ஐயா, பேசினை ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள். பேசினில் விரிசல் விட்டால் தரைதான் நனையும். அந்த வால்வோ அதில் மாட்டிய ஹோஸோ போனால் படகு போகும். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே ஒன்றரை அங்குலத் துளை திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். படகில் யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் அது நடந்தால் யார் இறைப்பது?

பச்சை வெண்கலத்திலும் வரும், பித்தளையிலும் வரும். வெண்கலம் என்றால் பிழைக்கும். பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் மெல்லக் கரைத்துவிடும். மிஞ்சுவது பொருபொருவென்ற செம்பு. ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நம்பாதீர்கள். வீட்டுத் தோட்டக் குழாய்போல் வட்டக் கைப்பிடி உள்ள கேட் வால்வு என்றால் பொருள் எதுவானாலும் மாற்றுங்கள். அது உள்ளே மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

அசையாத வால்வைத் தண்ணீரில் இருக்கும்போது குறடு போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். முறிந்தால் அங்கேயே முறியும். படகைக் கரையேற்றி, வெண்கல சீகாக் (படகின் அடித்துளைக்கான கடல் வால்வு) போடுங்கள், அல்லது அதற்கென்றே செய்த நார் சேர்த்த பிளாஸ்டிக் வகை. எப்படியும் அடிப்பகுதிப் பெயின்டுக்காகக் கரையேற்றுவீர்கள் அல்லவா, அத்தோடு இதையும் முடித்துவிடலாம். ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். வால்வின் முனை நீளம் இடம் கொடுத்தால் ஹோஸை இறுக்க 316 எஃகு கிளிப் இரண்டு. வால்வு போனால் அடித்து அடைக்க, பக்கத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அதுவரை படகை விட்டுப் போகும்போது யாரையாவது அடிக்கடி எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாங்கி வாசகர்: படகு ஒரு பக்கம் சாய்ந்தால் பேசினில் கடல்நீர் ஏறுகிறது. துர்நாற்றமும் வருகிறது.

சாய்ந்த பக்கம் பேசினே நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. பாய் விரிக்கும் முன் வால்வை மூடுங்கள், வேறு மருந்து இல்லை. நாற்றம் பேசினிலிருந்து அல்லாமல் கழிப்பறைக்குக் கடல்நீர் எடுக்கும் ஹோஸிலிருந்து வரலாம். தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகிய முட்டை வாடை அடிக்கும். பேசின் வடிகாலை அந்த ஹோஸில் ஒரு T இணைப்பால் சேர்த்தால், கிளம்புவதற்கு முன் கடல் வால்வை மூடிவிட்டு, பேசினில் நல்ல தண்ணீரை நிரப்பிக் கழிப்பறைப் பம்பை அடிக்கலாம். ஹோஸ் நல்ல தண்ணீரால் கழுவப்படும். எவர்சில்வர் பேசினாக இருந்தால் வாடைக்குப் பயந்து பிளீச் ஊற்றி ஊறவிடாதீர்கள், குளோரின் எஃகில் குழி பறிக்கும்.