ஆக்சிஜன் குறைந்த தசைக்கு ரத்தக் குழாய் விரிவதில் சிவப்பணுவுக்குப் பங்கு உண்டா?

ஓடும்போது தொடைத் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறதே, அங்கே ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று குழாய்க்கு யார் சொல்கிறார்கள் என்பது கேள்வி. தசையில் சேரும் கரியமில வாயு, அடினோசின், பொட்டாசியம் எல்லாம் சொல்கின்றன. சிவப்பணுவும் சொல்கிறது. பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட சிவப்பணுவை ஆக்சிஜனைச் சுமக்கும் வெறும் சுமைதூக்கி என்றுதான் படித்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

ஆய்வகத்தில் சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் படும்படி குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் பளிச்சென்று சிவந்துவிடும். ஆக்சிஜன் ஏறி இறங்கும்போது, சிவப்பணுவுக்குள் அதைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் நிறம் மட்டுமல்ல, வடிவமும் மாறுகிறது. சிவப்பணு ஆக்சிஜன் குறைவை உணர்வது அந்த வடிவ மாற்றத்தால்தான்.

சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. குளுக்கோஸை உடைத்துத்தான் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கியதும் அந்த ஏடிபியில் கொஞ்சம் வெளியே கசிகிறது. அது பட்டவுடன் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றைச் சுரக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து, குழாய் விரிகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருவது. ஆக்சிஜன் இறங்குவது பெரும்பாலும் மிக மெல்லிய குழாயான தந்துகியில். ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பதோ அதற்கு முன்னால் இருக்கும் நுண்தமனி. அதனால் அந்தச் செய்தி உட்சுவர் வழியாகச் செல்லுக்குச் செல் தாவி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மேலே போகிறது! நுண்தமனியின் ஆரம் 10 சதவீதம் கூடினாலே, அழுத்தம் மாறாத நிலையில், ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடும், ஏனென்றால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

இன்னொரு வழி, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ரத்தத்திலுள்ள நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றுவது. மூன்றாவதாக, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 93ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வந்து இறக்குகிறது என்கிறார்கள். இதில் சண்டை ஓயவில்லை. அந்தச் சிஸ்டீனை மாற்றிய எலிகளில் செய்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் முடிவு காட்டின. ஹீமோகுளோபினே நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடக் கூடியது என்பதும் சிக்கல். எனக்கு ஏடிபி வழிதான் வலுவாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நுரையீரலில் கதை நேர் எதிர்: ஆக்சிஜன் குறைந்த பகுதியில் குழாய் சுருங்கி, காற்று நன்றாக வரும் பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். தேர்வில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.