பழைய அனலாக் ஸ்கேனர் இன்னும் உதவுமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் கராஜ் சேலிலும் இணையத்திலும் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பழைய ஸ்கேனர்கள், அதாவது போலீஸ், விமானம், ரயில் பேச்சுகளை அலைவரிசை அலைவரிசையாகத் தேடிக் கேட்கும் ரேடியோக்கள், பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (நியூ ஜெர்சி): ஐயா, ரியலிஸ்டிக் பி.ஆர்.ஓ-2006 ஒன்று 20 டாலருக்குக் கிடைத்தது. போலீஸ் அலைவரிசையில் வைத்தால் வெறும் கரகரப்புதான். செட் போய்விட்டதா?

பதில்: செட்டின் மேல் பழி போடும் முன் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும் ஏழு வானிலை அலைவரிசைகளையும், எஃப்.எம். மோடில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் வானிலை ரேடியோ இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்கும். அது தெளிவாகக் கேட்டால் ஆன்டெனா முதல் ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம்.

போலீஸ் கேட்காததற்குக் காரணம் வேறு. பெரும்பாலான பெரிய ஊர்கள் பி25 என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டன. அனலாக் செட்டில் அது தேனீக் கூட்டம் மாதிரி ரீங்கரிக்கும். இடைவிடாமல் ரம்பம் அறுப்பது போலக் கேட்டால் அது டிரங்க் அமைப்பின் (பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை) கட்டுப்பாட்டு அலைவரிசை, அதில் பேச்சே கிடையாது. பல ஊர்கள் மறையாக்கமும் (சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி பேச்சை மறைப்பது) செய்துவிட்டன: டென்வர் 2019-ல், நியூயார்க் போலீஸ் 2023 முதல் படிப்படியாக. மறையாக்கம் செய்ததை 700 டாலர் கொடுத்து வாங்கும் புது ஸ்கேனராலும் கேட்க முடியாது. போலீஸ் பேச்சுக்காகத்தான் வாங்கினீர்கள் என்றால் 20 டாலர் போனது போனதுதான்.

கேள்வி (டல்லாஸ்): அப்படியானால் இன்றைக்கு அதில் என்னதான் கேட்கலாம்?

பதில்: முதலில் விமானம். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இன்றும் அனலாக் ஏ.எம்.தான், உலகம் முழுக்க. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் ஏ.எம்.மில் கீச்சென்று சத்தம் வந்து, மோதல் நடந்தது தெரிந்துவிடும்; எஃப்.எம்.மில் பலமானது மற்றதை விழுங்கிவிடும். ஏ.எம். நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 35,000 அடியில் பறக்கும் விமானத்தை 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பிடிக்கலாம். தரையில் இருக்கும் டவரின் குரலோ சில பத்து கிலோமீட்டருக்கு மேல் வராது. விமானி மட்டும் தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டால் செட்டில் கோளாறு என்று நினைக்காதீர்கள். ராணுவ விமானங்கள் 225 முதல் 400 வரை, அதுவும் ஏ.எம்.

அடுத்தது ரயில். டல்லாஸ் பக்கம் சரக்கு ரயிலுக்குப் பஞ்சமில்லை. 160.215 முதல் 161.565 வரை தேடவிடுங்கள். ரயில் போக்கை நடத்தும் டிஸ்பேச்சரும் ஓட்டுநரும் பேசுவது மட்டுமல்ல, தண்டவாளத்தோரம் இருக்கும் கண்காணிப்புக் கருவி ரயில் கடந்ததும் அச்சு எண்ணிக்கையைச் சொல்லிக் குறையில்லை என்று அறிவிப்பதும் கேட்கும். 457.9375-ஐயும் போட்டு வையுங்கள். ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கருவி நிமிடத்துக்கு ஒரு முறை போலச் சிறு டேட்டாக் கீச்சல் அனுப்பும். அது கேட்டால் சில கிலோமீட்டருக்குள் ரயில் இருக்கிறது. ரயில் படம் எடுப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

கடலோரமென்றால் 156.800, அதாவது கப்பல், படகுகளுக்கான மரைன் 16-ஆம் சானல். சிறிய ஊர்களின் தீயணைப்பு அழைப்புகளும், தீ எரியும் கட்டடத்துக்குள் வீரர்கள் தங்களுக்குள் பேசுவதும் பல இடங்களில் இன்னும் அனலாக்கே. இரைச்சலுக்கு நடுவே டிஜிட்டல் குரல் குழறிவிடும் என்பது அவர்கள் அச்சம், நியாயமானது.

கேள்வி (ஹூஸ்டன்): கூட வந்த ரப்பர் ஆன்டெனா போதுமா அண்ணா?

பதில்: போதாது. காசு செலவழிப்பதென்றால் முதலில் இங்கேதான். கால் அலை ஆன்டெனாவை (அலைநீளத்தில் கால் பங்கு நீளக் கம்பி) வீட்டிலேயே செய்யலாம். 7130-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும்: விமானத்துக்கு (125) 57, ரயிலுக்கு (161) 44, 460-க்கு 15.5.

ஆன்டெனா கேபிள் மாட்டும், பேனலில் பொருத்தும் எஸ்.ஓ-239 சாக்கெட் ஒன்று, 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நாலு போல்ட். நடு முனையில் நிமிர்ந்த கம்பியைப் பற்றவையுங்கள். நாலு மூலைத் துளைகளிலும் சற்றே நீளமான நாலு கம்பிகளை மாட்டி, 45 டிகிரி கீழே சாய்த்தால் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 50 ஓம் பக்கம் வந்துவிடும். கேபிளுக்கு ஆர்.ஜி-58 வகையை வாங்காதீர்கள், 15 மீட்டரில் 150 மெகாஹெர்ட்ஸிலேயே ஏறத்தாழ 3 டெசிபெல், அதாவது பாதித் திறன், கரைந்துவிடும். டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி-6 அதில் பாதி இழப்புகூடத் தராது. அது 75 ஓம் ஆயிற்றே என்பார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

கேள்வி (அட்லாண்டா): பழைய பேர்கேட் ஸ்கேனரில் விமான அலைவரிசையில் சினிமாப் பாட்டு மாதிரி இசை வருகிறது!

பதில்: பிம்ப அலைவரிசை. பல பழைய செட்டுகளில் முதல் இடைநிலை அதிர்வெண் (பிடித்த அலையைச் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் எண்) 10.8 மெகாஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கு, 21.6 தள்ளி இருக்கும் பலமான நிலையம் உள்ளே நுழைந்துவிடும். நீங்கள் வைத்த எண்ணிலிருந்து 21.6-ஐக் கழியுங்கள். 119.7 என்றால் 98.1. அங்கே உள்ளூர் எஃப்.எம். நிலையம் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். 88-108-ஐத் தடுக்கும் எஃப்.எம். டிராப் ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவே மாட்டுங்கள். சிக்னல் பூஸ்டர் மாட்டிவிடாதீர்கள், தொல்லை பெருகும்.

கேள்வி (டெட்ராய்ட்): ரயில் பேச்சு வருகிறது, ஆனால் சத்தம் மெலிவாக இருக்கிறது.

பதில்: 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 150-174, 421-470 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் வணிக, பொதுப்பாதுகாப்பு ரேடியோக்கள் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலச் சானலுக்குக் குறுகின. அலைவிலக்கம் (பேச்சு அலைவரிசையை அசைக்கும் அளவு) 5-லிருந்து 2.5 கிலோஹெர்ட்ஸாகப் பாதியானதால் ஒலியும் பாதி. வால்யூமைக் கூட்டுவதே வைத்தியம். செட் ஏற்காத, 7.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும் எண்களுக்கு மிக அருகிலுள்ள எண்ணைப் போடுங்கள். பழைய ஃபில்டர் அகலமானது, 2.5 கிலோஹெர்ட்ஸ் பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி (சிகாகோ): வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஆர்.ஓ-2006-ல் நினைவகத்தைக் காப்பது 9 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கியதும் போட்ட எண்களெல்லாம் போய்விடும். கர்ரென்று ஹம் வந்தால் பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வற்றிவிட்டன. சானலுக்கு ஒரு கிரிஸ்டல் செருகும் 1970-களின் செட்டை அலமாரி அழகுக்கு மட்டும் வாங்குங்கள். "செல்போன் கேட்கும் மாடல்" என்று விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்: அதைக் கேட்பது சட்டவிரோதம், அந்த அனலாக் செல் சேவையும் 2008-லேயே ஓய்ந்துவிட்டது.

கேள்வி (சான் ஹோசே): கணினியில் செருகி ரேடியோ கேட்கும் 35 டாலர் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: கணினி முன்னால் உட்காருபவருக்கு டாங்கிளே மேல். இலவச எஸ்.டி.ஆர்.டிரங்க் மென்பொருளோடு மறையாக்கம் இல்லாத பி25-ஐயும் கேட்கலாம். ஆனால் பிளாட்ஃபாரத்தில் நின்று கேட்க, மின்வெட்டில் கேட்க, பட்டனைத் தட்டியதும் பேசும் கைப்பெட்டிக்கு ஈடில்லை. புதிதாகவே அனலாக் வேண்டுமென்றால் யூனிடென் பி.சி.125.ஏ.டி. இருக்கிறது: 500 சானல், இரண்டு டபுள்-ஏ செல். பேட்டரி அறைக்குள் செல் வகையைச் சொல்லும் சிறு சுவிட்ச் உண்டு. ஆல்கலைன் செல்லைப் போட்டு அதை ரீசார்ஜ் பக்கம் வைத்து யு.எஸ்.பி. செருகினால் செல் கசிந்து செட்டைக் கெடுக்கும்.

கேள்வி (ஆஸ்டின்): விண்வெளி நிலையத்தைக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். 145.800, எஃப்.எம். நிலையம் வானில் கடந்து போவது ஒரு முறைக்கு அதிகம் போனால் பத்து நிமிடம். நிலையத்தின் வேகத்தால் வரும் டாப்ளர் விளைவால் எண் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும். முன்பு சொன்ன அந்த அகலமான ஃபில்டர் இங்கே வரம், டியூனைத் தொடவே வேண்டாம். நிலையம் ஒலி வடிவில் படம் அனுப்பும் நாட்களில் ஃபோனில் ரோபோட்36 செயலியைத் திறந்து ஸ்பீக்கர் அருகே பிடித்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் ஒரு படம் முழுதாக விழும்.

கேள்வி (நியூயார்க்): காரில் வைக்கலாமா? விடுமுறைக்குச் சென்னை போகும்போது எடுத்துப் போகலாமா?

பதில்: நியூயார்க், ஃபுளோரிடா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் வண்டிக்குள் போலீஸ் அலைவரிசை பிடிக்கும் ஸ்கேனருக்குக் கட்டுப்பாடு உண்டு, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. சென்னைக்கு வேண்டாம். உரிமமின்றி இப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் தடுத்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. கேட்டது விமானப் பேச்சுதான் என்று சுங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், மறக்காமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு.